கையெழுத்து மாதிரி எழுத்துரு: பொடிப் பாக்கெட்டுக்கு மிஸ்ட்ரல் சரிவருமா?

கொங்குப்பெண்

வணக்கம். கோபிச்செட்டிபாளையம் பக்கம் எங்கள் ஊர். அம்மா அரைக்கிற பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி இரண்டையும் மூன்று வருடமாகத் தெரிந்தவர்களுக்கு மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தோம். இப்போது இரண்டு கடைகளில் வைக்கக் கேட்டிருக்கிறார்கள், அதனால் ஒழுங்கான லேபிள் வேண்டும். டிசைனருக்குக் கொடுக்கக் காசில்லை, நானே உட்கார்ந்து செய்கிறேன்.

ஆங்கிலப் பெயருக்கு மிஸ்ட்ரல் என்ற எழுத்துருவைப் போட்டேன், கணினியிலேயே இருந்தது. யாரோ பேனாவை எடுத்துச் சர்ரென்று எழுதிய மாதிரி இருந்ததால் பிடித்துவிட்டது. அதற்குக் கீழே தமிழில் லதா என்ற எழுத்துருவில் "கறிவேப்பிலைப் பொடி" என்று போட்டால்தான் வம்பு, ரேஷன் கடை போர்டு மாதிரி விறைப்பாக நிற்கிறது. மேலே இருப்பது கடிதம், கீழே இருப்பது அரசாணை.

மிஸ்ட்ரல் இந்த வேலைக்குச் சரிதானா? அதற்கு ஜோடியாகத் தமிழில் ஏதாவது இருக்கிறதா? திட்டுவதாக இருந்தாலும் பரவாயில்லை, காரணத்தோடு திட்டுங்கள்.

டிடிபி அண்ணாச்சி

சிவகாசியில் 28 வருஷமாக இதே பொழப்பு, அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன் தாயி. மிஸ்ட்ரல் கெட்ட எழுத்து இல்லை. ஆனால் காதுகுத்து, பூப்பு நன்னீராட்டு, டியூஷன் சென்டர், ஃபோட்டோ ஸ்டுடியோ என்று நானே ஆயிரம் தடவை போட்டிருப்பேன். வாடிக்கையாளர் "கொஞ்சம் ஸ்டைலா" என்று சொன்னால் கை தானாக அங்கே போய்விடும். அதுதான் அதற்குப் பிடித்த சனி.

போட்டால் மூன்று விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். முழுவதும் பெரிய எழுத்தில் மட்டும் அடிக்காதீர்கள், கையெழுத்து எழுத்துருவில் பெரிய எழுத்து ஒவ்வொன்றும் வரிசையில் முதலாவதாக நிற்பதற்காக வரைந்தது, ஆறேழு சேர்ந்து நின்றால் கல்யாண மண்டபத்தில் எல்லாரும் மாப்பிள்ளை வேஷத்தில் வந்த மாதிரி ஆகிவிடும். எழுத்துக்கு நடுவில் இடைவெளி கூட்டாதீர்கள், ஒன்றோடொன்று கை கோத்திருப்பது அறுந்துபோகும். அப்புறம் சேர்மானம், எடை, விலை, தயாரித்த தேதி, உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண், இதெல்லாம் சாதா எழுத்தில்தான். இதில் அழகு பார்க்காதீர்கள், 8 பாயின்டில் மிஸ்ட்ரல் எறும்பு ஊர்ந்த தடம்.

வெட்டிப்பேச்சு

காமிக் சான்ஸ் போடுங்க. முடிஞ்சது. 😄

ழகரம்

காமிக் சான்ஸைப் பற்றி அப்புறம் வருகிறேன். அதைக் கிண்டல் பண்ணுகிறவர்களில் பாதிப் பேருக்கு அது ஏன் வந்தது என்று தெரியாது.

மிஸ்ட்ரலின் கதை தெரிந்தால் உங்கள் முதல் கேள்விக்குப் பாதி விடை கிடைக்கும். 1953இல் பிரான்ஸின் மார்செய் நகரில் இருந்த ஒலீவ் என்ற அச்செழுத்து வார்ப்படச் சாலைக்காக ரோஜே எக்ஸ்கோஃபோன் செய்தது. தென் பிரான்ஸில் வடக்கிலிருந்து அடிக்கிற குளிர்காற்றுக்கு மிஸ்ட்ரல் என்று பெயர், அதைத்தான் எழுத்துக்கு வைத்தார்கள். அந்த எழுத்துக்கு மூலம் எக்ஸ்கோஃபோனின் சொந்தக் கையெழுத்து.

அது வந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். ஈய அச்சு. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனி உலோகக் கட்டை. ஒரு கட்டையின் விளிம்பு வரைக்கும் ஓடுகிற கோடு, பக்கத்துக் கட்டையில் அதே உயரத்தில், அதே கனத்தில் தொடங்க வேண்டும். எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எது வந்தாலும் சேர வேண்டும். மயிரிழை பிசகினாலும் வெள்ளையாக ஒரு வெட்டு தெரியும். அதற்காக எல்லா எழுத்தையும் ஒரே அச்சில் வார்த்தால் கையெழுத்தின் துள்ளல் செத்துவிடும். அவர் செய்தது, சேருகிற இடத்தை மட்டும் கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டு மற்றதை அலைய விட்டார். சின்ன எழுத்துகளின் உடம்பு குள்ளம், மேலும் கீழும் போகிற வால்கள் நீளம், சாய்வும் ராணுவ அணிவகுப்பு மாதிரி இல்லை. உங்களுக்கு "சர்ரென்று" தோன்றியது இதனால்தான்.

இன்னொன்று, ஸ்கிரிப்ட் எழுத்து என்று மொத்தமாகச் சொல்வதில் இரண்டு சாதி இருக்கிறது. கூர்முனைப் பேனாவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதுகிற அலங்கார எழுத்து ஒன்று, பட்டமளிப்புச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை வகை. தூரிகையிலோ மார்க்கரிலோ வேகமாக எழுதுகிற சாதாரணக் கையெழுத்து இன்னொன்று. 1942இல் அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் வெளியிட்ட, ராபர்ட் இ. ஸ்மித் வரைந்த பிரஷ் ஸ்கிரிப்ட் இந்த இரண்டாம் வகை. மிஸ்ட்ரலும் அப்படியே. பொடிப் பாக்கெட்டுக்கு இரண்டாவதுதான் பொருந்தும், முதலாவதைப் போட்டால் பொடிக்குச் சீர்வரிசை வைத்த மாதிரி இருக்கும்.

கொங்குப்பெண்

ஐயோ, அது ஒரு மனிதருடைய சொந்தக் கையெழுத்து என்று தெரியாது! அப்போ எங்கள் பாக்கெட்டில் எழுபது வருடத்துக்கு முந்தைய ஒரு பிரெஞ்சுக்காரர் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா? அம்மாவிடம் சொன்னேன். "அவருக்கும் ரெண்டு பாக்கெட் அனுப்பு" என்கிறார்.

ரேடியம் ராசா

அண்ணாச்சி சொன்ன கை கோக்கிற விஷயத்தில் நான் பட்டது. பைக், கார் கண்ணாடிக்கு ரேடியம் ஸ்டிக்கர் வெட்டுகிற கடை என்னுடையது. புதிதாக மெஷின் வாங்கிய மாதம், ஒரு பையன் தன் காதலி பெயரை மிஸ்ட்ரலில் கேட்டான். திரையில் சேர்ந்துதான் இருந்தது. ஆனால் உள்ளுக்குள் எழுத்து ஒவ்வொன்றும் தனி வடிவம், ஒன்றின் வால் அடுத்ததின் மேல் ஏறிப் படுத்திருக்கும், நிறம் ஒன்றே என்பதால் கண்ணுக்குத் தெரியாது. வெட்டுகிற கத்திக்கு நிறம் தெரியாது, கோடு மட்டும்தான் தெரியும். ஏறிப் படுத்த இடத்தையெல்லாம் தனித்தனியாக வெட்டித் தள்ளிவிட்டது. தோலை உரித்தால் காதலி துண்டு துண்டாக வந்தாள்.

கோரல்டிரா என்கிற வரைகலை மென்பொருளில் எல்லாவற்றையும் கர்வ்ஸ், அதாவது வெறும் கோட்டு வடிவம், ஆக்கிவிட்டு வெல்டு கொடுத்து ஒட்ட வேண்டும், அப்போதுதான் ஒரே உடம்பு ஆகும். எழுத்தைச் சுற்றி அவுட்லைன் கொடுத்தாலும் இதே கதைதான், சேருமிடத்தில் குறுக்கே கோடு விழும். ஃப்ளெக்ஸ் போர்டுகளில் பார்த்திருப்பீர்கள்.

டிடிபி அண்ணாச்சி

ராசா சொன்னது லட்சத்தில் ஒரு வார்த்தை. பிரஸ்ஸுக்கு அனுப்பும்போது கர்வ்ஸ் பண்ணாமல் அனுப்பிவிட்டு, அங்கே அந்த எழுத்துரு இல்லாமல் வேறு எதிலோ அச்சாகி வந்து அழுதவர்கள் எத்தனை பேர். பழைய தமிழ் எழுத்துரு என்றால் இன்னும் மோசம், எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும்.

வன்னிக்குருவி

அண்ணாச்சி சொல்வது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவின் காலத்து ஆட்களுக்கு நன்றாக விளங்கும். எங்கட பக்கத்தில் நோட்டீஸ், பத்திரிகை, கோவில் திருவிழா அறிவித்தல் எல்லாம் பாமினிதான். அதில் "தமிழ்" என்று அடித்த கோப்பை எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று வரும். அதைப் பார்த்தவுடனேயே "தமிழ்" என்று வாசிக்கிற அளவுக்குப் பழகிவிட்டோம்.

கொங்குப்பெண், உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கவிவாணர் என்று ஓர் எழுத்துரு கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாக உண்டு. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்தது. சாய்ந்த கையெழுத்துப் பாங்கு, யூனிகோடு, ஆங்கில எழுத்தும் அதற்குள்ளேயே இருக்கிறது. அதனால் மிஸ்ட்ரலோடு மல்லுக்கட்டாமல் இரண்டு மொழியையும் ஒரே கையால் எழுதினது போல வைக்கலாம். அச்சுக்கும் வியாபாரத்துக்கும் பாவிக்கலாம், உரிமம் திறந்த உரிமம்தான். கனடாவில் நான் செய்த ஒரு பிறந்தநாள் அழைப்பிதழுக்கு அதைத்தான் போட்டேன், பேரப்பிள்ளைகள் "அப்பம்மா எழுதினதா" என்று கேட்டார்கள்.

கொங்குப்பெண்

நன்றிங்க! இறக்கிப் போட்டுப் பார்த்தேன். லதாவோடு பார்க்கையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். "கறிவேப்பிலைப் பொடி" ரொம்ப அழகாக வந்தது. "பருப்புப் பொடி" மட்டும் ஏனோ கொஞ்சம் அச்சடித்த மாதிரியே இருக்கிறது. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

ழகரம்

எனக்குத் தெரியும். எண்ணிப் பாருங்கள், "பருப்புப் பொடி" என்பதில் எத்தனை ப? ப, ப், பு, ப், பொ. ஐந்து. ஒரு மனிதன் ஐந்து ப எழுதினால் ஐந்தும் ஐந்து மாதிரி இருக்கும். முதல் ப நிதானமாக இருக்கும், நடுவில் இரண்டு நெருக்கியடிக்கும், கடைசியில் கை களைத்து அகலமாகும். எழுத்துருவில் ஐந்தும் ஒரே முத்திரை. கண்ணுக்கு அது உடனே பிடிபட்டுவிடும், வாய்க்குத்தான் சொல்லத் தெரியாது.

ஆங்கில எழுத்துருக்களில் இதற்கு ஒரு தந்திரம் உண்டு. பாப்லோ இம்பயாரி செய்த கேவியட் என்ற கையெழுத்து எழுத்துருவில் அதே எழுத்து திரும்ப வந்தால் கொஞ்சம் மாறிய வடிவத்தை அதுவே எடுத்துப் போட்டுக்கொள்ளும், ஓபன்டைப் என்ற எழுத்துரு நுட்பத்தில் இதற்கு வழி இருக்கிறது. தமிழில் இதைச் செய்ய வேலை அதிகம். ப-வுக்கு மட்டும் மாற்று வரைந்தால் போதாது, பு, பூ தனி வடிவம், பி, பீ ஒட்டுகிற இடம் வேறு, புள்ளி உட்காருகிற இடம் வேறு. 18 மெய்க்கும் உகர ஊகார வடிவங்கள் மட்டுமே 36. எல்லாவற்றையும் மூன்று மூன்றாக வரைந்து, எது எப்போது வரவேண்டும் என்று விதியும் எழுத வேண்டும். பழைய எழுத்துருக்களில் இதற்கு வாய்ப்பே கிடையாது, மொத்தம் 256 அறைதான், அதில் தமிழ் எழுத்துகளை அடைப்பதே பெரும்பாடு.

நம் எழுத்தில் மெய் இரட்டிப்பது வேறு அதிகம். அம்மா, பட்டு, தக்காளி, வெல்லம். ஒட்டி ஒட்டி ஒரே வடிவம் இரண்டு நின்றால் மாயம் கலைந்துவிடும்.

தற்காலிக வைத்தியம் ஒன்று: கர்வ்ஸ் ஆக்கிவிட்டு ஐந்து ப-வையும் கையாலேயே கொஞ்சம் கொஞ்சம் மாற்றுங்கள். ஒன்றை 2 டிகிரி சாய்த்து, ஒன்றை 4 விழுக்காடு அகலமாக்கி, ஒரு புள்ளியைக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி. வேகமாக எழுதுகிறவர்கள் சொல்லை முடித்துவிட்டுக் கடைசியில்தானே புள்ளிகளை வைப்பார்கள், அதனால் அது மெய்யின் உச்சியில் இல்லாமல் கொஞ்சம் தள்ளித்தான் விழும். அந்தத் தள்ளல் ஒன்றே பாதிக் கையெழுத்து.

வெட்டிப்பேச்சு

காமிக் சான்ஸைப் பற்றி அப்புறம் வருகிறேன் என்றீர்களே. அதற்குத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ழகரம்

வருகிறேன் ஐயா. 1994இல் மைக்ரோசாஃப்டில் வின்சென்ட் கோனேர் செய்தது. மைக்ரோசாஃப்ட் பாப் என்று ஒரு மென்பொருள், அதில் ஒரு கார்ட்டூன் நாய் பேச்சுக் குமிழியில் பேசும், ஆனால் அந்தக் குமிழிக்குள் இருந்தது டைம்ஸ் நியூ ரோமன். நாய் நாளிதழ் தலையங்கம் மாதிரிப் பேசினால் எப்படி இருக்கும்? அதைப் பார்த்துவிட்டு அவர் காமிக்ஸ் புத்தகக் கையெழுத்தை நினைத்து இதை வரைந்தார். வேடிக்கை, பாப் வெளிவருவதற்குள் அது தயாராகவில்லை, வேறு வழியாகத்தான் விண்டோஸுக்குள் நுழைந்தது. அப்புறம் ஆஸ்பத்திரி அறிவிப்பு முதல் இரங்கல் அட்டை வரை எல்லா இடத்திலும் போய் ஒட்டிக்கொண்டது, திட்டும் வாங்கியது. 2012 ஜூலை 4 அன்று செர்ன் ஆய்வகத்தில் ஹிக்ஸ் துகள் கண்டுபிடிப்பை ஃபேபியோலா ஜனோட்டி விளக்கினார், அந்தப் படங்கள் காமிக் சான்ஸில்தான் இருந்தன. துகளைவிட எழுத்துருவைப் பற்றிப் பேசியவர்கள் அதிகமோ என்று தோன்றியது.

ஆனால் அது தெளிவான எழுத்து. எழுத்துகள் சேராமல் தனித்தனியாக நிற்கும், ஒன்றை மற்றொன்று என்று குழப்பிக்கொள்ள வாய்ப்பு குறைவு. டிஸ்லெக்சியா என்ற வாசிப்புச் சிரமம் உள்ளவர்களுக்கான பிரிட்டன் சங்கம் படிக்க எளிதானவை என்று சொல்கிற எழுத்துருக்களில் அதுவும் ஒன்று. நாய்க்குச் செய்த சட்டையை நீதிபதிக்கு மாட்டிவிட்டு தையல்காரரைத் திட்டினால் எப்படி.

பணிநிறைவு தமிழம்மா

நான் 34 வருடம் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். எழுத்துரு பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, பேத்தி காட்டியதால் படித்தேன். கையெழுத்து வேண்டும் என்றால் அம்மாவையே எழுதச் சொல்லலாமே மகளே, இதற்கு எதற்குப் பிரெஞ்சுக்காரரும் கணினியும்?

பருப்புப் பொடி என்பதில் நடுவில் ப் விடாமல் போட்டதற்கு மகிழ்ச்சி. இப்போது யாரும் போடுவதில்லை.

கொங்குப்பெண்

அம்மாவிடம் வெள்ளைத் தாளும் ஸ்கெட்ச் பேனாவும் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஸ்கேலால் கோடு கிழித்து, ஒவ்வோர் எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார். 15 நிமிடம். பார்த்தால் ஐந்தாம் வகுப்புக் கையெழுத்துப் போட்டிக்கு எழுதின மாதிரி இருக்கிறது. லதாவைவிட விறைப்பு. "சாதாரணமா எழுதும்மா" என்றால் "சாதாரணமா எழுதினா நாலு பேர் பார்க்கிறதுக்கு நல்லாவா இருக்கும்" என்கிறார். நாலு தாள் போயிற்று.

சுவரெழுத்து

இது எங்கள் வீட்டிலும் நடந்தது. அப்பா சுவர் விளம்பரம் எழுதியவர், ஃப்ளெக்ஸ் வந்தபிறகு விட்டுவிட்டார். நீலப்பொடி தடவிய நூலைச் சுவரில் இழுத்துப் பிடித்துச் சுண்டினால் கோடு விழும், அதற்குள் ஏணியில் நின்றபடி ஒரு பெரிய பெயரைக் கால் மணி நேரத்தில் முடித்துவிடுவார். சதுர அடிக் கணக்கில் கூலி, அதனால் வேகம்தான் ஸ்டைல். ண-வின் மூன்று சுழியை மூன்றாக வரைய நேரம் ஏது, தட்டைப் பிரஷ்ஷை ஒரே ஓட்டமாக வளைத்தால் அலை மாதிரி வந்துவிடும். ல-வின் கடைசியில் தூரிகையை எடுக்கும்போது ஒரு கீற்று விழும், அதைப் பார்த்தே இது அவர் கை என்று ஊரில் சொல்வார்கள்.

போன வருடம் ஒரு கஃபேக்காரர் வந்து "அந்தக் காலத்து மாதிரி எழுதிக்கொடுங்கள், அப்படியே எழுத்துரு ஆக்கிக்கொள்கிறோம்" என்று கேட்டார். அப்பா மேஜையில் உட்கார்ந்து அ முதல் ன வரை எழுதினார். வரவில்லை. தனித்தனி எழுத்தாக எழுதினால் முந்தைய எழுத்திலிருந்து கை வருகிற ஓட்டம் இல்லை. "முழுப் பெயரா சொல்லச் சொல்லு, சுவரைக் காட்டச் சொல்லு" என்றார்.

ஆகவே அம்மாவைப் புதிதாக எழுதச் சொல்லாதீர்கள். ஏற்கனவே எழுதியதைத் தேடுங்கள். மளிகைச் சீட்டு இருக்குமே.

கொங்குப்பெண்

சுவரெழுத்து அண்ணா, கும்பிடுகிறேன். அஞ்சறைப்பெட்டிக்குப் பின்னால் ஒரு கம்பியில் வருடக்கணக்கான சீட்டுகள் குத்தி வைத்திருக்கிறார்! எல்லாம் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம், பால்பாயின்ட் பேனா. கிடைத்தது இதோ:

"து. பருப்பு 1 கி" சீட்டில் இருந்து பருப்பு.

"மஞ்சள் பொடி 100" சீட்டில் இருந்து பொடி.

காய்க்காரருக்கு எழுதியதில் கருவேப்பிலை. ஆமாம், அம்மா "கரு" என்றுதான் எழுதுகிறார்.

பருப்புப் பொடிக்கு நடுவில் வருகிற ப் எந்தச் சீட்டிலும் இல்லை, கடைக்காரருக்கு யார் சந்தி போட்டு எழுதுவார்கள். கடைசியில் "கல் உப்பு 2 பாக்" என்பதில் இருந்து ப்-ஐ மட்டும் வெட்டி எடுத்தேன். தமிழம்மாவுக்காக.

ஐந்து ப-வும் ஐந்து விதம், ழகரம் சொன்னது அப்படியே.

டிடிபி அண்ணாச்சி

காலண்டர் தாளா! எங்க ஊர்ச் சரக்கு. படம் எடுக்கும்போது ஜாக்கிரதை தாயி, அந்தத் தாள் மெல்லிசு, முன்பக்கத்து ராகுகாலமும் எமகண்டமும் பின்னால் தெரியும்.

கொங்குப்பெண்

தெரிந்தது! "கருவேப்பிலை"க்கு நடுவில் குளிகை 9 முதல் 10.30. 😂

ழகரம்

தாளுக்கு அடியில் கறுப்புச் சார்ட் அட்டை வைத்து எடுங்கள், பின்பக்க அச்சு மங்கிவிடும். நிழல் விழாத பகல் வெளிச்சம், ஃபிளாஷ் வேண்டாம், போன் தாளுக்கு நேர் மேலே. அப்புறம் கணினியில் கறுப்பு வெள்ளை மட்டுமாக ஆக்கி, வரம்பை ஏற்றி இறக்கிப் பாருங்கள், ஓர் இடத்தில் பேனா மை மட்டும் நிற்கும். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள் இலவசம், அதில் படத்தை (பிட்மேப்பை) டிரேஸ் பண்ணினால் கோட்டு வடிவமாகிவிடும். சீட்டில் பேனா விட்டு விட்டு எழுதிய இடங்களை ரொம்பச் சுத்தம் பண்ணாதீர்கள், ஒன்றிரண்டு இருக்கட்டும். இரண்டு சீட்டிலும் எழுத்தின் உயரம் வேறாக இருக்கும். சும்மா பெரிதாக்கினால் கோட்டின் கனமும் கூடி இரண்டு பேனா மாதிரித் தெரியும். உயரத்தைச் சமன் செய்தபின் மெல்லியதற்கு மட்டும் சுற்றிலும் ஒரு மெல்லிய கோடு கொடுத்துக் கனத்தைச் சமன் பண்ணுங்கள்.

வன்னிக்குருவி

படத்தைப் போட்டுக் காட்டுங்கோ. அந்த "லை" எப்படி எழுதியிருக்கிறா? பழைய தும்பிக்கை லையா?

கொங்குப்பெண்

ஆமாங்க, தும்பிக்கைதான்! அம்மாவுக்கு 71 வயது. எனக்கு அது பழகிவிட்டதால் கண்ணில் படவே இல்லை. நீங்கள் கேட்டபிறகுதான் பார்த்தேன். ல-வின் தலைக்கு மேல் யானை துதிக்கையைத் தூக்கின மாதிரி ஒரு வளைவு.

பணிநிறைவு தமிழம்மா

1978இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில்தான் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது. லை, ளை, ணை, னை நான்கும், ணா, றா, னா, ஒகர ஓகார வடிவங்களும் மாறின. பெரியார் குடி அரசு இதழில் 1935லேயே இந்த முறையில் அச்சிட்டார். வகுப்பில் நான் புதிய வடிவம் சொல்லிக்கொடுத்தேன், வீட்டில் பால் கணக்கு பழைய வடிவத்தில்தான் எழுதினேன், இன்றும் அப்படித்தான். கை மறக்காது.

ஆனால் மகளே, விற்பனைப் பொருளில் பழைய லை போட்டால் இன்றைய பிள்ளைகளுக்குப் படிக்க வருமா? என் பேத்திக்கு வரவில்லை. "கருவேப்பி" வரைக்கும் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். கறிவேப்பிலை என்பதுதான் அகராதி வடிவம், அதையும் சொல்லிவைக்கிறேன்.

வெட்டிப்பேச்சு

எனக்கு 26 வயது. படத்தைப் பார்த்தேன், ஒரு விநாடி முழித்தேன், அப்புறம் படித்துவிட்டேன். வேறு எந்தச் சொல்லாக முடியும் "கருவேப்பி..."? மாற்றாதீங்க அக்கா. கடையில் நூறு பாக்கெட்டுக்கு நடுவில் ஒரு விநாடி முழிக்க வைத்தால் அதுவே லாபம்.

டிடிபி அண்ணாச்சி

தம்பி இன்றைக்குத்தான் முதன்முதலாக உருப்படியாகப் பேசியிருக்கிறார். நான் ஒன்று சொல்கிறேன், பெரிதாக அம்மா கையெழுத்து அப்படியே இருக்கட்டும், அடியில் சாதா எழுத்தில் சின்னதாக "கறிவேப்பிலைப் பொடி" என்று போட்டுவிடுங்கள், டீச்சரம்மாவுக்கும் ஆச்சு, புரியாதவர்களுக்கும் ஆச்சு. மிஸ்ட்ரலை எடுத்துவிடுங்கள். ஆங்கிலம் சாதாரண எழுத்தில் போதும். ஒரே பாக்கெட்டில் இரண்டு பேர் கையெழுத்து இருந்தால், சாட்சிக் கையெழுத்துப் போட்ட பத்திரம் மாதிரி ஆகிவிடும்.

ரேடியம் ராசா

மிஸ்ட்ரல் பாவம்.

ழகரம்

பாவமெல்லாம் இல்லை. ஒரு சாலையோரக் கடை, ஒரு பாட்டுக் கச்சேரி நோட்டீஸ், குழந்தைக்கு வாங்கிய பரிசின் மேல் ஒட்டுகிற சீட்டு, இங்கெல்லாம் இரண்டு சொல்லுக்கு அது இன்றைக்கும் அழகாகத்தான் உட்காரும். இங்கே அம்மாவின் கை கைவசம் இருக்கிறது, அவ்வளவுதான். அம்மாவின் கை கிடைக்காதவர்களுக்குக் கவிவாணர் இருக்கிறது.

கொங்குப்பெண்

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். 500 ஸ்டிக்கர் அடித்தாயிற்று. மஞ்சள் தாள், கறுப்பு மை ஒன்றே. பச்சைப் புள்ளிச் சைவக் குறிக்கு மட்டும் தனியாக ஒரு நிறம். முதல் புரூஃபில் உப்பில் இருந்து எடுத்த ப்-இன் புள்ளி அச்சில் காணாமலே போய்விட்டது, அம்மா புள்ளியை அவ்வளவு லேசாகத் தொட்டு வைத்திருக்கிறார். அதை மட்டும் கொஞ்சம் தடிக்க வைத்தேன்.

அம்மா ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. அடுத்த நாள்தான், "இவ்ளோ கோணலா இருக்கிறதைப் போய்ப் போட்டிருக்கியே, நான் கோடு போட்டு எழுதிக் கொடுத்தேனே அது என்ன ஆச்சு" என்று கேட்டார். ஆனால் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு பாக்கெட்டைக் காட்டிக்கொண்டிருந்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

வன்னிக்குருவி

லை-யை ஆரும் கேட்டார்களோ?

கொங்குப்பெண்

ஒரே ஒருவர். கல்லூரிப் பையன். "இது என்ன டிசைன்" என்று கடைக்காரரிடம் கேட்டானாம். அவர் "பழைய லை தம்பி" என்று சொல்லி, கல்லாவில் இருந்த பேப்பரில் ணை, னை எல்லாம் எழுதிக் காட்டியிருக்கிறார்.

அடுத்து இட்லிப் பொடி. "இட்லி அரிசி 5 கி" சீட்டில் இருந்து இட்லி கிடைத்துவிட்டது. எள்ளுப் பொடிக்கு "எள்ளு" தேடுகிறேன், எல்லாச் சீட்டிலும் "எள்" என்றுதான் இருக்கிறது. ளு ஒன்று மட்டும் எங்கிருந்தாவது பிடிக்க வேண்டும். உளுந்தில் பார்க்கிறேன்.